பெயரில்லாக் கிரகத்தில் ஒரு மூக்குப்பேணி

1

“சந்திரனிலை தண்ணி விடாய்ச்சால் ஆரின்ரை வீட்டை போய்க் கேக்கிறது?”

மனிதன் சந்திரனில் இறங்கிய செய்தியை வேலணைச் சங்கக்கடை றேடியோவில் கேட்டுக்கொண்டு நின்றபோது ஒரு பிள்ளை கேட்ட கேள்வி இது. பிள்ளையின் பெயர் மேரிஜோசப்பின். ஊர்காவற்றுறையில் வள்ளம் வைத்துத் தொழில் செய்யும் சில்வெஸ்ரரின் மகள். தகப்பனின் தோளில் இருந்தபடி கேட்டாள். கூடி நின்ற பெரியவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். தண்ணீர் கிணற்றில் இருக்கிறது என்றுதான் புத்தகத்தில் எழுதியிருக்கிறது. அது ஒரு வீட்டில் இருக்கிறது என்பதும், எல்லா வீட்டிலும் போய்க் கேட்க முடியாது என்பதும் அந்தப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் போகமுன்னமே தெரிந்திருந்தது.

இந்தக் கதை அங்கேதான் தொடங்கியது என்று சொன்னால் கேட்க அழகாக இருக்கும். உண்மை அவ்வளவு அழகில்லை. சில வருஷங்கள் கழித்து, யாழ்ப்பாணத்தில் சஞ்சிகை நடத்தும் ஆசிரியர் ஒருவர் பஸ்ஸில் என் பக்கத்தில் இருக்க நேர்ந்தது. “சீதனக் கதை, சண்டைக் கதை எல்லாம் போதும், மாஸ்ரர். ஒரு விண்வெளிக் கதை எழுதித் தாருங்கோ. பயங்கரமான கிரகம். எங்கட ஆக்கள் அதிலை தப்பிப் பிழைக்கவேணும். வீரம் வேணும். ஆனால் எட்டுப் பக்கத்துக்கு மேலை போகக்கூடாது, கடதாசி இல்லை” என்றார். நான் பள்ளிக்கூடத்தில் சைவசமயம் படிப்பிக்கிறவன். விண்வெளியைப் பற்றி எனக்குத் தெரிந்தது, அதற்கு அப்பாலும் ஆண்டவன் இருக்கிறான் என்பது மட்டும். அதைச் சொல்லித் தப்பியிருக்கலாம். பஸ் புங்குடுதீவுப் பாலத்தில் குலுங்கிய குலுக்கலில் தலை ஆடிவிட்டது. அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

2

தொடக்கம் ஒன்று: பேரண்டத்தின் காரிருளைக் கிழித்துக்கொண்டு, தமிழனின் வெற்றிக்கொடியைத் தாங்கிய அந்த இரும்புப் பறவை—

(“இரும்பு எப்பிடியப்பா பறக்கும்?” என்றாள் மீனலோசனி. அவள் என் மனைவி. கதையில் அவளுக்கு இடம் இல்லை. அதற்காக வராமல் விடுகிறவள் அல்லள்.)

தொடக்கம் இரண்டு: அக்கிரகத்தின் ஈர்ப்புவிசை பூமியின் ஈர்ப்புவிசையிலும் பார்க்கக் குறைவானதாகையால், அங்கே ஒரு பொருளைக் கைவிட்டால் அது மெல்ல மெல்லவே—

(இது எங்கள் பள்ளிக்கூடத்து விஞ்ஞானப் புத்தகம். களவெடுத்த வசனம் என்றாலும் எனக்குத் தேவையான வசனம். நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: அங்கே எதுவும் சட்டென்று கீழே விழாது.)

தொடக்கம் மூன்று: அம்பலவாணரும் இராயப்புவும் போன கப்பல் பெயரில்லாத ஒரு கிரகத்தில் விழுந்து உடைந்தது.

இது இருக்கட்டும். கடதாசி மிச்சம்.

[ராக்கெட் எங்கிருந்து புறப்பட்டது என்று கேட்பீர்கள். வேலணையிலிருந்துதான். ஏன் வேலணை? பஸ் வருகிற இடம். ஆட்களை ஏற்றவேண்டுமே.]

கிரகத்தைப் பற்றியும் இரண்டு வரி எழுதவேண்டும். மஞ்சள் மணல். எலும்பை அறுக்கும் குளிர். காற்று இருக்கிறது, ஆனால் சுவாசிக்க உதவாது. சில கந்தோர்களில் அதிகாரிகள் இருப்பதுபோல. கப்பலின் ஒரு அறை மட்டும் உடையாமல் கிடந்தது. அதற்குள் மூச்சு விடலாம். அறைக்கு இரண்டு பக்கச் சுவர், ஒரு யன்னல். அடிபட்டு நின்றுபோவதற்கு முன் கப்பலின் றேடியோ ஒரு செய்தி சொன்னது: “பொறுங்கோ, மீட்புக் கப்பல் வெளிக்கிட்டாச்சு.” எப்போது வந்து சேரும் என்று சொல்லவில்லை. அரசாங்கக் கப்பல்.

3

அம்பலவாணர் ஆசாரமான சைவர். மச்சம் மாமிசம் தொடாதவர். விண்வெளிக்குப் போகும்போதும் திருநீற்றுச் சம்புடத்தை மறக்காதவர். இராயப்பு ஊர்காவற்றுறைக் கத்தோலிக்கர், கடலில் வளர்ந்தவர், இயந்திரம் திருத்தத் தெரிந்தவர். முதற் பிரதியில் அம்பலவாணரைக் கப்பலின் தலைவர் ஆக்கியிருந்தேன். ஒரு சனிக்கிழமை சில்வெஸ்ரர் என் வீட்டுக்கு வந்தபோது அதை வாசித்துக் காட்டினேன். சீனி கிடைக்காத காலம். பனங்கட்டியைக் கடித்துக் கடித்துத் தேத்தண்ணி குடித்தபடி கேட்டார்.

“ஏன் மாஸ்ரர், சந்திரனுக்குப் போனாலும் தலைவர் உங்கட ஆள்தானோ?”

“சந்திரன் இல்லை, சில்வெஸ்ரர். இது வேறை கிரகம்.”

“எந்தக் கிரகமெண்டாலும் வழமை அதுதானே.”

இரண்டாம் பிரதியில் இராயப்புவைத் தலைவர் ஆக்கினேன். அம்பலவாணர் கப்பலில் ஏற மறுத்துவிட்டார். என் சொந்தப் பாத்திரம், நான் உண்டாக்கிய மனிதர், வேலணைச் சந்தையடியில் சால்வையை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஏறமாட்டேன் என்று நிற்கிறார். ஆகவே இந்தக் கதையின் கப்பலுக்குத் தலைவரே கிடையாது. அது ஏன் விழுந்து உடைந்தது என்பதற்கும் வேறு விளக்கம் தேவையில்லை.

4

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

புறப்படும்போது இருவருக்கும் தண்ணீர்ப் பை கொடுத்தார்கள். ரப்பர்ப் பை, வாயில் வைத்து உறிஞ்ச ஒரு குழாய். இராயப்பு வாங்கிக்கொண்டார். அம்பலவாணர் பையை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, “முந்தி ஆர் வாய் வைச்சதோ” என்று திருப்பிக் கொடுத்தார். அவர் தன் தண்ணீரை மூடிபோட்ட செம்பில் கொண்டுவந்தார். கூடவே குடிப்பதற்கு ஒரு வெண்கல மூக்குப்பேணி. உதடு படாமல் அண்ணாந்து வாய்க்குள் ஊற்றிக்கொள்வதற்காகவே மூக்கு வைத்துச் செய்த பேணி. அவருடைய தகப்பனும் அப்படித்தான் குடித்தார். தகப்பன் குடித்த இடத்தில் தண்ணீர் கீழ்நோக்கி விழுந்தது.

விழுந்து உடைந்த பிறகு அம்பலவாணர் முதல்தரம் பேணியை உயர்த்தினார். அண்ணாந்தார். சரித்தார். தண்ணீர் மூக்கிலிருந்து ஒழுகவில்லை. கோழிமுட்டை அளவில் ஒரு கட்டி மெல்ல வெளியே வந்து, யோசித்து, அவருடைய வாயை விட்டுவிட்டு மூக்குத் துவாரத்துக்குள் போனது. அடுத்தது புருவத்தில் தங்கியது. மூன்றாவது காதைக் கடந்து கூரைப் பக்கம் புறப்பட்டது.

இராயப்பு எழும்பி, வாயைத் திறந்தபடி அந்தக் கட்டியைத் துரத்திப் பிடித்து விழுங்கினார்.

“என்ன காணும், மீன்மாதிரி?”

“வீணாப் போகுது, அண்ணை.”

[இதில் அம்பலவாணருக்கு ஆட்சேபணை இல்லை. தன் தண்ணீரை இராயப்பு குடிக்கலாம். அந்தத் திசையில் தீட்டு ஓடுவதில்லை.]

“அண்ணை, பேணியிலை வாயை வைச்சுக் குடியுங்கோ. இஞ்சை ஆர் பாக்கினம்?”

“கடவுள் பாக்கிறார்.”

“இவ்வளவு தூரம் வந்தவரோ?”

“உமக்கு முதலே வந்திட்டார். கதையாமல் இரும்.”

வாய் வைத்துக் குடித்தால் எச்சில். எச்சிலாகக் குடிப்பதிலும் பார்க்க மூக்கால் குடிப்பது மேல் என்று அவர் தீர்மானித்தார். ஒவ்வொரு முறையும் பாதி உடம்புக்குள் போனது. பாதி அறைக்குள் உலாவியது. இராயப்பு முடிந்ததைப் பிடித்தார். மிகுதி சுவரில் பட்டு உறைந்து, சுரண்டினாலும் பெயராமல், ஒருவருக்கும் உதவாத அழகான கண்ணாடியாகியது.

செம்பு வற்றியது. இப்போது அந்தக் கிரகத்தில் குடிக்கக்கூடிய தண்ணீர் ஒரே இடத்தில்தான் இருந்தது: இராயப்புவின் பையில், இராயப்பு வாய் வைத்த குழாய்க்குப் பின்னால். மீட்புக் கப்பல் வரும்வரை அம்பலவாணர் உயிரோடு இருப்பாரா என்பதுதான் இந்தக் கதை. ஆசிரியர் கேட்ட பயங்கரம் இதுதான். வேறு பூதம் ஒன்றும் வராது. எட்டுப் பக்கத்துக்குள் அதற்கு இடமில்லை.

5

“இஞ்சாருங்கோ, ஒரு மனிசன் இப்பிடி இருப்பானோ? சாகிற நேரத்திலையும்?” என்றாள் மீனலோசனி.

எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. பகிடிக்காக ஒரு மனிதரைப் பொம்மை ஆக்குவது பாவம். வெட்டிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் கொஞ்ச நேரம் வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு இந்தப் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தாள்.

“சரி, எழுதுங்கோ” என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனாள்.

அம்பலவாணர் கெட்டவரல்லர். இதை நான் அழுத்தமாக எழுதவேண்டும். பகிடி எழுதும்போது முதலில் மறந்துபோவது இதுதான். கொண்டுவந்த பனங்கட்டி அடைத்த ஓலைக் குட்டானைத் திறந்த உடனே பாதியை இராயப்பு கேட்காமலே கொடுத்தவர் அவர். குளிரில் இராயப்புவின் கை விறைத்தபோது தன் சால்வையைக் கழற்றிக் கொடுத்தவரும் அவர்தான். கொடுப்பதற்கு அவருக்கு ஒரு தடையும் இல்லை. வாங்குவதற்குத்தான் ஏலாது. இப்படிப்பட்ட நல்லவர்களை நாங்கள் நிறைய வைத்திருக்கிறோம். தானம் செய்து செய்தே மற்றவனைத் தூர வைத்திருப்பவர்கள்.

6

இந்தக் கிரகத்தில் இரவு கிடையாது. சூரியன் ஒரே இடத்தில் நிற்கிறது. ஆகவே ‘நிலவொளியில் அவன் கண்கள் பனித்தன’ என்ற வசனத்துக்கு வழியில்லை. வாசகர் தப்பினார்.

அம்பலவாணருக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. தேவாரம் சொல்லத் தொடங்கி நடுவில் நின்றார்.

“அண்ணை, இந்தாங்கோ, பையை.”

“வேண்டாம்.”

“குழாயைத் துடைச்சுப்போட்டுத் தாறன்.”

“துடைச்சால் போற சாமானோ அது?”

“நான் உங்கட தண்ணியை எத்தினைதரம் பிடிச்சுக் குடிச்சனான். அதுக்கு இது சரி.”

“நான் கணக்குப் பாக்கிற ஆள் இல்லை. நீர் குடியும், இராயப்பு. நீர் இளந்தாரி.”

இந்த இடத்தில் இராயப்பு ஒரு சொற்பொழிவு செய்யவேண்டும் என்று எனக்கு ஆசை. மனிதகுலம், சமத்துவம், ஒரே இரத்தம். அரைப் பக்கம் எழுதியும் பார்த்தேன். “எல்லோரும் ஒரு தாய்—” என்று தொடங்கியது. அப்படிப்பட்ட பேச்சுக்களை வருஷத்தில் இரண்டுதரம் மேடை போட்டுப் பேசுகிறோம். பேசி முடிந்ததும் சோடா கொடுக்கிறார்கள். சோடாப் போத்தலும் ஆளைப் பார்த்து வேறு வேறு. அடித்துவிட்டேன்.

இராயப்பு பேசவில்லை. பொய் சொன்னார்.

அம்பலவாணர் கண்ணயர்ந்து எழும்பியபோது பேணியில் தண்ணீர் இருந்தது.

“இது எங்காலை?”

“சுவரிலை மூச்சு உறைஞ்சு பனியாய்ப் பிடிச்சிருந்தது. வழிச்சு உருக்கினனான்.”

அம்பலவாணர் யோசித்தார். “ஆரின்ரை மூச்சு?”

“உங்கட மூச்சுத்தான், அண்ணை. உங்கட பக்கச் சுவர். என்ரை பக்கம் நான் தொடேல்லை.”

[வாசகரே, விண்வெளிக் கதைகளில் இதுவரை வந்த கண்டுபிடிப்புகளில் இதுவே பெரியது என்று நினைக்கிறேன். மூச்சுக்கும் எல்லைக் கல்லு நட்டு, தண்ணீரை ஆசாரத்தோடு எடுக்கும் முறை.]

அம்பலவாணர் பேணியை எடுத்தார். அண்ணாந்து குடிக்க இனித் துணிவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பினார். இராயப்பு அவசர அலுவல் ஒன்று ஞாபகம் வந்ததுபோல யன்னலால் மணலைப் பார்த்தார். அம்பலவாணர் பேணியில் வாய் வைத்துக் குடித்தார்.

தண்ணீரில் ரப்பர் மணத்தது. தன் பக்கச் சுவரும் அவருடைய கண்ணுக்கு நேரேதான் இருந்தது. அதில் பனி பிடித்தபடியே இருந்தது, ஒரு விரலும் படாமல். அவர் பேணியை மறுபடி வாயில் வைத்தார்.

ஒவ்வொருதரம் எழும்பும்போதும் பேணியில் கொஞ்சம் இருந்தது. அம்பலவாணர் பாதி குடித்து, பாதியைச் செம்பில் ஊற்றி மூடி வைத்தார். ஏன் என்று எனக்குச் சொல்லவில்லை. இராயப்பு தன் மூலையில் இருந்து குழாயைச் “சுர்” என்று சத்தமாக உறிஞ்சினார். நிறையக் குடிக்கிறார் என்று தெரியட்டும் என்று. பையில் தண்ணீர் இருந்தால் அந்தச் சத்தம் வராது.

ஒருமுறை சத்தம் பாதியில் நின்றது. அம்பலவாணர் திரும்பிப் பார்த்தார். இராயப்பு பையை மடியில் வைத்தபடி, கண் செருகி, சுவரோடு சாய்ந்து கிடந்தார்.

7

இங்கே மூன்று வாரம் நின்றேன்.

ஆசிரியர் ஒரு முடிவு தந்தார். மீட்புக் கப்பல் வருகிறது. அதன் பக்கத்தில் தமிழில் பெயர் எழுதியிருக்கிறது. இருவரும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். “சனத்துக்குச் சந்தோஷமாய் இருக்கும், மாஸ்ரர்.” சனம் சந்தோஷப்படவேண்டியதுதான். ஆனால் கப்பல் வந்தால் அம்பலவாணருக்கு ஒரு வேலையும் இல்லை. கப்பல்காரன் தண்ணீர் கொடுப்பான். அம்பலவாணர் வீட்டுக்கு வந்து, முழுகி, சம்புடத்தைத் திறந்து திருநீறு பூசி, பழையபடி அம்பலவாணராக இருப்பார்.

மீனலோசனிக்கு வேறு முடிவு. “அம்பலவாணர் குடுக்கட்டும். தன்ரை கையாலை குடுக்கட்டும். மீட்புக் கப்பல்காரர் கதவைத் திறக்கிற நேரம் பாத்துக் குடுக்கட்டும். எல்லாரும் காணவேணும். கண்டால்தான் மற்றதுகளும் திருந்தும்.”

அன்றைக்கு வந்திருந்த சில்வெஸ்ரர் தலையை ஆட்டினார். “ஏலாது, தங்கச்சி. ஆரும் பாத்தால் அந்த மனிசன் செய்யாது.”

“செய்யாட்டில் அது என்ன மனிசன்?”

“பாக்கிறதுக்கு ஆக்கள் நிண்டபடியால்தானே அவர் இவ்வளவு காலமும் அப்பிடி இருந்தவர். தனியச் செய்ய விடுங்கோ.”

“அப்ப வாசிக்கிறவைக்கு எப்பிடித் தெரியும்?”

“அது மாஸ்ரரின்ரை கரைச்சல்” என்று சொல்லிவிட்டு அவர் சைக்கிளை எடுத்தார்.

நான் நீதிக்கதை எழுதிப் பழகியவன். நல்லது செய்கிறவனை நாலு பேருக்குக் காட்டுவதுதான் என் தொழில். ஒருவருக்கும் தெரியாமல் செய்த நன்மையை வைத்துக்கொண்டு வகுப்பில் என்ன படிப்பிப்பது? ஆனாலும் யோசித்துப் பார்த்தால் ஆண்டவன் எங்களுக்குச் செய்வதில் பெரும்பகுதி அப்படித்தான் இருக்கிறது. அவன் சஞ்சிகைக்கு எழுதிப்போடுவதில்லை.

8

ஆகவே, வாசகரே, மீட்புக் கப்பலை உங்களிடம் தருகிறேன். அது வருகிறதா, எப்போது வருகிறது, பக்கத்தில் என்ன மொழியில் எழுதியிருக்கிறது என்பதெல்லாம் உங்கள் விருப்பம். இரக்கமுள்ளவர்கள் கொஞ்சம் விரைவாகக் கொண்டுவாருங்கள். நான் அதில் கை வைக்கமாட்டேன்.

எனக்கு இந்த அறை மட்டும் போதும். கதவு பூட்டியிருக்கிறது. யன்னலுக்கு வெளியே மணல். பார்ப்பதற்கு ஒரு கண்ணும் இல்லை. நானும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்களும் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்கள். நாங்கள் நின்றோம் என்று தெரிந்தால் அவருக்குக் கை வராது.

அம்பலவாணர் செம்பைத் திறந்து பார்த்தார். ஒரு வாய் தண்ணீர், கூடினால் இரண்டு. முதலில் பேணியில் விட்டு இராயப்புவின் வாய்க்கு மேலே சரித்தார். வழக்கம் விடவில்லை. ஒரு கட்டி மிதந்து இராயப்புவின் கன்னத்தில் பட்டு அப்பால் போனது. பல் இறுகியிருந்தது. இரண்டாம்முறை சரிக்க அவர் துணியவில்லை.

பேணியை வைத்தார். இராயப்புவின் மடியிலிருந்து பையை எடுத்தார். வற்றி ஒட்டிப்போயிருந்தது. இவ்வளவு காலமும் கேட்ட சத்தம் எங்கிருந்து வந்தது என்று அவர் அப்போது—

(இந்த வசனத்தை முடிக்கமாட்டேன். அவருக்கு விளங்கியது. போதும்.)

பேணியின் மூக்கைப் பையின் வாய்க்குள் செருகி, மிச்சத் தண்ணீரை ஒரு சொட்டும் போகாமல் ஊற்றினார். பையை அமத்தினார். தண்ணீர் வரவில்லை. குழாய் குளிரில் ஒட்டிக்கொண்டிருந்தது. யாராவது வாய் வைத்து இழுத்தால்தான் திறக்கும். இராயப்புவால் இழுக்க முடியாது. அறையில் வேறு வாய் ஒன்றுதான் இருந்தது.

அம்பலவாணர் கதவைப் பார்த்தார். யன்னலைப் பார்த்தார். கழுத்தில் விரல் வைத்து இராயப்புவின் நாடி ஓடுகிறதா என்று பார்த்தார். ஓடியது, ஆனால் யோசித்து யோசித்து ஓடியது.

குழாயைத் துடைக்காமல் வாயில் வைத்து இழுத்தார். தண்ணீர் ஏறி அவருடைய நாக்கில் பட்டது. விடாய்த்துக் கிடந்த மனிதர், விழுங்கவில்லை. விரலால் நசித்துப் பிடித்தபடி குழாயை எடுத்து, இராயப்புவின் பல்லைச் சின்னவிரலால் நீக்கி, உள்ளே வைத்து, பையை மெல்ல மெல்ல அமத்தினார்.

“குடியும், தம்பி” என்றார். அதுவரை அவரை அப்படி அழைத்ததில்லை. இராயப்புவுக்கு அது கேட்டிருக்க நியாயமில்லை.

நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு இராயப்புவின் தொண்டை ஒருதரம் அசைந்தது. இன்னொருதரம் அசைந்தது. அம்பலவாணர் பை வற்றும்வரை பிடித்திருந்து, குழாயைச் சுருட்டி, முன்பு கிடந்த மாதிரியே இராயப்புவின் மடியில் வைத்துவிட்டுத் தன் பக்கச் சுவருக்குப் போய் இருந்தார்.

வாயைத் துடைக்கவில்லை.